கான்ஸ்டலேஷனின் வளைவு

பழைய பயணிகள் விமானங்களில் மரம் செதுக்குபவரின் கையை முழுசாகச் சோதிப்பது எது என்று கேட்டால், என் பதில் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 1943 ஜனவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் முதன்முதலாகப் பறந்த இந்த நான்கு எஞ்சின் விமானத்தின் உடலில் நேர்கோட்டைத் தேடிப் பிடிப்பது கடினம். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். முதுகு மெல்ல உயர்ந்து இறங்கும். பின்பகுதி மறுபடி மேலே நிமிர்ந்து மூன்று வால் துடுப்புகளில் முடியும். குறுக்கே வெட்டினால் எங்கும் வட்டம்தான். ஆனால் அடுத்தடுத்த வட்டங்களின் விட்டம் மாறிக்கொண்டே போகும், மையங்களும் ஒரே கோட்டில் நிற்காது.

இந்த வளைவு அலங்காரத்துக்காக வந்ததல்ல. ரைட் டியூப்ளெக்ஸ் சைக்ளோன் எஞ்சின்கள் சுழற்றிய புரொப்பல்லர்கள் நாலரை மீட்டர் விட்டம் கொண்டவை. அவை தரையில் இடிக்காமலிருக்க விமானம் உயரமான கால்களில் நின்றாக வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் முன்சக்கரத்தின் கால் அவ்வளவு நீளத் தேவையில்லை. வாலை உயர்த்தினால் அது எஞ்சின்கள் கிளப்பும் காற்றுச் சுழலிலிருந்து விலகும். ஒரே உயரமான துடுப்பு வைத்தால் அன்றைய ஹாங்கர்களுக்குள் நுழையாது, அதனால் மூன்று குட்டைத் துடுப்புகள். இந்த வடிவத்துக்காக லாக்ஹீட் தொழிற்சாலை உடலின் சட்டங்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக வேறு வேறு அளவில் செய்ய வேண்டியிருந்தது. மரத்தில் செதுக்குபவருக்கும் அதே வேலை காத்திருக்கிறது.

பழைய விமானம் ஒன்றை மரத்தில் செய்யும்போது எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதில் மாதிரிக் கலைஞர்கள் ஒத்துப்போவதில்லை. வடிவம் என்பார் ஒருவர், மேற்பரப்பு என்பார் இன்னொருவர், ஜன்னலும் ஏணியும் எழுத்தும்தான் உயிர் என்பார் மூன்றாமவர். ரிவெட்டுகளையும் தகட்டு மூட்டுகளையும் பிளாஸ்டிக் அச்சு எந்த மரத்தையும் விட நன்றாகக் காட்டிவிடும். மரத்துக்கு மிச்சமிருப்பது உருவத்தின் ஓட்டம். கட்டையைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசிப் பூச்சு வரை எல்லா முடிவுகளையும் அதற்குக் கீழே வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது என் கட்சி.

விமானமே ஒரு காலத்தில் மரம்தான். 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 விமானத்தின் மர இறக்கை வானிலேயே முறிந்தது. இறந்தவர்களில் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னியும் ஒருவர் என்பதால் நாடே கொந்தளித்தது. ஈரம் புகுந்து இறக்கையின் பசை மூட்டுகள் விட்டுப்போயிருந்தன. அதன்பின் மர இறக்கை கொண்ட பயணிகள் விமானங்களின் மீதிருந்த நம்பிக்கை சரிந்தது, உலோக விமானங்களுக்கு வழி பிறந்தது. ஆனாலும் 1937இல் டி ஹாவிலேண்ட் நிறுவனம் ஆல்பட்ராஸ் என்ற பயணிகள் விமானத்தை ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டியது. நான்கு எஞ்சின்களோடு வழவழவென்று அவ்வளவு அழகாக இருக்கும். மரத்தில் மாதிரி செய்யும் எவரும் ஏன் அதைத் தொடுவதேயில்லை என்று எனக்கு வியப்பு.

மாதிரிகளின் வரலாறு வேறு பாதையில் போனது. 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் உருவாக்கிய ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரத் தொகுப்புகள் 1:72 அளவை நிலைநாட்டின. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடும் கணக்கு அது. பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் கேட்டது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், எல்லாம் 1:72இல். பீரங்கி வீரர்களும் கண்காணிப்பாளர்களும் நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்று ஒரு பார்வையில் சொல்லப் பழக வேண்டும். 35 அடி தூரத்தில் தொங்கும் மாதிரி, அரை மைல் தள்ளிப் பறக்கும் நிஜ விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். அந்த மாதிரிகள் வெறும் கறுப்பு. அடையாளச் சின்னமோ ஜன்னலோ கிடையாது. வடிவம் பிசகினால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலையில் மற்ற எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டார்கள். மர மாதிரி எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

போருக்குப் பின் பிளாஸ்டிக் தொகுப்புகள் பெருகி மரத்தை ஓரம்கட்டின. மஹோகனியில் செதுக்கி வண்ணமடித்த மேசை மாதிரிகள் மட்டும் ஃபிலிப்பைன்ஸில், அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளத்தைச் சுற்றி, ஒரு தொழிலாகவே வளர்ந்தன. அவற்றில் பலவற்றின் வண்ணப்பூச்சு அபாரம். வடிவம்தான் நகலின் நகலாகி நழுவியிருக்கும்.

எந்த விமானத்தை எடுப்பது? டக்ளஸ் டி.சி.-4, டி.சி.-6 வகையறாக்கள் ஒரே விட்டமுள்ள குழாய். அதனால்தான் அவற்றை வெட்டி நீட்ட டக்ளஸ் நிறுவனத்துக்கு எளிதாக இருந்தது. செதுக்குபவரும் நடுப்பகுதியைக் கடைசலில் கொடுத்துவிட்டு மூக்கிலும் வாலிலும் மட்டும் கவனம் வைக்கலாம். நம் ஊரில் டகோட்டா என்று அறியப்பட்ட டி.சி.-3 பார்வைக்கு எளிது, கைக்கு அப்படியல்ல. வெளி இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும், பின்விளிம்பு கிட்டத்தட்ட நேராகவே ஓடும். இந்த இரண்டுக்கும் உள்ள உறவைத் தவறவிட்டால் வேறு எதைச் சரியாகச் செய்தாலும் அது டகோட்டா ஆகாது. 1949இல் பறந்த காமெட்டில் எஞ்சின்கள் இறக்கையின் வேருக்குள்ளேயே புதைந்திருப்பதால், காற்று புகும் வாயும் வெளியேறும் குழாயும் செதுக்கலில்தான் வந்தாக வேண்டும். போயிங் ஸ்ட்ராட்டோகுரூசரின் குறுக்குவெட்டு எட்டு என்ற இலக்கம் போல இருக்கும். இரண்டு வளைவுகள் சந்திக்கும் இடுக்கை உப்புத்தாள் தேய்த்தே தின்றுவிடும். மேல் உருளையையும் கீழ் உருளையையும் தனித்தனியே செதுக்கி ஒட்டினால் இடுக்கு பிழைக்கும்.

கான்ஸ்டலேஷனுக்கும் ஓர் எளிய தங்கை உண்டு என்று சிலர் சூப்பர் கான்ஸ்டலேஷனைக் காட்டுவார்கள். மூல உடலின் நடுவே இறக்கைக்கு முன்னும் பின்னும் நேர் உருளைகளைச் செருகி ஐந்தரை மீட்டருக்கு மேல் நீட்டியது அது. கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, நேரில் போய்ச் சுற்றிவந்து பார்க்கலாம். எளிது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. நேர் உருளை முடிந்து வளைவு தொடங்கும் இடம் தெரியாமல் இழைப்பது, முழுக்க வளைந்த உடலை இழைப்பதைவிடக் கடினம். நம் கண் வளைவில் சிறு பிழையை மன்னித்துவிடும், நேர்கோட்டில் மன்னிக்காது.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூல கான்ஸ்டலேஷனின் நீளம் 29 மீட்டர், இறக்கை விரிவு 37.5 மீட்டர். 1:72இல் அது 403 மி.மீ., 521 மி.மீ. உடலின் பருத்த இடம் 49 மி.மீ. அளவில் வரும், உள்ளங்கையில் அடங்கும் பருமன். 1:144இல் எல்லாம் பாதியாகி, பின்விளிம்புகள் மரத்தால் தாங்க முடியாத மெல்லிசுக்குப் போய்விடும். வரைபடங்களை நம்புவதற்கு முன் நீளத்துக்கும் விரிவுக்கும் உள்ள விகிதத்தை அளந்து பார்க்க வேண்டும். நகலெடுக்கும்போது ஒரு திசை மட்டும் இழுபட்டிருப்பது சாதாரணம். புகைப்படங்களில் தொலைவிலிருந்து, உடலின் உயரத்திலேயே எடுத்த பக்கவாட்டுப் படம் மட்டும் உதவும். தரையில் நின்று அண்ணாந்து எடுத்த படம் முதுகின் ஏற்றத்தைத் தின்றுவிடும்.

மரத்துக்கு வருவோம். மேலைநாட்டுச் செதுக்காளர்களுக்கு பாஸ்வுட், அச்சுச் செய்பவர்களுக்கு மலேசியக் காடுகளின் ஜெலுட்டாங். இரண்டுக்கும் பொதுவான குணம், கெட்டியான வளையமும் மென்மையான வளையமும் மாறிமாறி வராதது. பைன் கட்டையை உப்புத்தாளால் தேய்த்தால் மென்மையான பகுதி பள்ளமாகிக் கெட்டியான பகுதி வரப்பாக நிற்கும். அத்தனை பட்டியும் பூசி வண்ணமும் அடித்த பிறகும் வரப்பு ஒருநாள் எட்டிப் பார்க்கும். பால்சா நகம் பட்டாலே குழி விழும். தேக்கு நமக்குப் பெருமையான மரம், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. எண்ணெய்ப் பசையால் ஒட்டு சரியாகப் பிடிக்காது, அதிலுள்ள சிலிக்கா உளியின் முனையை மழுக்கும், துளைகள் பெரியவை. தமிழ்நாட்டில் கிடைப்பவற்றில் குமிழ் நல்ல தேர்வு. காய்ந்தபின் அதிகம் முறுக்காது. மஞ்சக்கடம்பும் நெருக்கமான நாருள்ளது. சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை வெண்மையாகவும் மழமழப்பாகவும் இழையும், ஆனால் பெரிய கட்டையாகக் கிடைப்பது அரிது.

உடலை ஒரே கட்டையில் செதுக்குவதா, நெடுக்காக இரண்டு பாதிகளை ஒட்டிச் செதுக்குவதா? நான் இரண்டாவதன் பக்கம். பென்சிலில் போட்ட நடுக்கோடு முதல் இழைப்பிலேயே போய்விடும். ஒட்டிய மூட்டோ எவ்வளவு செதுக்கினாலும் மரத்துக்குள்ளேயே செங்குத்தான நடுக்கோடாகக் கடைசிவரை நிற்கும். இரு பாதிகளுக்கும் நடுவே தாள் வைத்து ஒட்டியிருந்தால், வடிவம் வந்தபின் மூட்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்து உள்ளே குடையலாம், சக்கர அறைகளை வெட்டலாம், பிறகு மறுபடி ஒட்டலாம்.

முதலில் பக்கத் தோற்றத்தை வரைந்து அறுக்க வேண்டும். அறுத்து விழும் துண்டுகளை எறியாமல் டேப் போட்டுப் பழைய இடத்திலேயே பொருத்தினால் கட்டை மீண்டும் சதுரமாகிவிடும். அந்தத் தட்டையான மேற்பரப்பில்தான் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை வரைய வேண்டும். வளைந்த முதுகின் மீதே வரைந்தால் நீளம் ஏமாற்றும். இரண்டாவது அறுப்பும் முடிந்து டேப்பைப் பிரித்தால் கையில் இருப்பது, குறுக்கே எங்கும் சதுரமான ஒரு கான்ஸ்டலேஷன். இறக்கையின் நடுப்பகுதி நுழைவதற்கான பள்ளத்தை இப்போதே வெட்டிவிட வேண்டும். உருண்டையாக்கிய பின் வெட்டினால் மட்டம் பார்க்க எந்தப் பக்கமும் மிச்சமிருக்காது, இறக்கை ஒரு பக்கம் தொங்கும்.

சதுரத்திலிருந்து வட்டத்துக்கு ஒரே தாவலில் போகக் கூடாது. இடையில் எண்கோணம் வேண்டும். சதுரத்தின் பக்க நீளத்தில் 0.293 பங்கை ஒவ்வொரு மூலையிலிருந்தும் குறித்தால் எண்கோணத்தின் விளிம்பு கிடைக்கும். 49 மி.மீ. பருமனுள்ள இடத்தில் அது 14.4 மி.மீ., மூக்குப் பக்கம் 30 மி.மீ. பருமனுள்ள இடத்தில் 8.8 மி.மீ. இந்தப் புள்ளிகளை வளையும் கம்பியாலோ மெல்லிய மூங்கில் சிம்பாலோ இணைத்தால், உடலோடு சேர்ந்து தானும் வளைந்து ஓடும் ஒரு கோடு வரும். கான்ஸ்டலேஷனில் அந்தக் கோடே அழகாக இருக்கும். அது எங்காவது உடைந்து தெரிந்தால் வரைபடத்தில் பிழை இருக்கிறது, அங்கேயே நிறுத்திச் சரிபார்க்கலாம். எண்கோணத்தின் முனைகளை மழுக்கினால் பதினாறு பக்கம். அதன்பின் அரமும் உப்புத்தாளும்.

இந்த உடலில் நார் ஓட்டம் செய்யும் குறும்பு தனி. கட்டையின் நார் நேராக ஓடுகிறது, உடல் வளைகிறது. ஆகவே முதுகில் உயரமான இடத்திலிருந்து மூக்குப் பக்கமும் வால் பக்கமும் இறங்கி இழைக்க வேண்டும். அடிவயிறு வாலை நோக்கி மேலே ஏறும் இடத்திலும் அப்படியே, பருத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு. எதிராகப் போனால் உளி நாருக்குள் புதைந்து ஒரு சிராய் பெயர்ந்துவரும். விமானி அறையின் கண்ணாடிக்கு மேலே உள்ள சாய்வில் திசை சட்டென மாறுவதால் அங்கு உளியை வைத்துவிட்டு அரத்துக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க அரைவட்ட அளவு அட்டைகள் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று வெட்டி, விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து உடலின் மீது வைத்து அழுத்தினால் மேடான இடத்தில் கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் கண்ணை நம்பிச் செதுக்கிய உடல்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் கொழுத்திருப்பதைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் தள்ளி இழைக்க வசதி, மறுபக்கம் இழுத்து இழைக்க வேண்டும், விசை ஒன்றாக வருவதில்லை. உப்புத்தாளை விரலுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பதும் கெடுதல், விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். வளையும் மெல்லிய பட்டையில் ஒட்டி நெடுக்காக ஓட்டினால்தான் ஓட்டம் பிறக்கும்.

இறக்கைக்கு நார் நீளவாட்டில் ஓட வேண்டும். பின்விளிம்பு 1:72இல் தாளளவுக்கு மெலியும். அங்கே மெல்லிய ஒட்டுப்பலகைப் பட்டையை முன்பே பதித்துவிடலாம், அல்லது இழைத்தபின் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை ஊறவிட்டுக் கெட்டிப்படுத்தலாம். எஞ்சின் கூடுகள் நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்க வேண்டும் என்பதால் கடைசல்தான் வழி. புரொப்பல்லர் தண்டுக்கான துளையை முதலில் போட்டு, அந்தத் துளையையே மையமாக வைத்துக் கடைய வேண்டும். வால் துடுப்புகளை ஒட்டுப்பலகையில் வெட்டுவது போதும்.

இறக்கை உடலைச் சந்திக்கும் இடத்தைப் பலர் அவசரமாகப் பட்டி அடைத்து முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழிவான வளைவு காற்றுச் சுரங்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. 1930களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் தியடோர் ஃபான் கார்மானும் அவரது சகாக்களும் அந்த மூலையில் காற்று கலங்குவதைச் சோதித்து, வளைவாக நிரப்பினால் அடங்கும் என்று காட்டினார்கள். டி.சி.-3இல் இது பெரிதாகத் தெரியும். எப்பாக்ஸி பட்டியை வைத்து, ஈரமான உருண்டைக் குச்சியால் பின்னோக்கி இழுத்தால் படிப்படியாக விரியும் அந்த வளைவு கிடைக்கும். எல்லா இடத்திலும் ஒரே ஆரம் வைத்தால் குழாய்க்காரர் பூசியது போலாகிவிடும்.

பூச்சில்தான் சண்டை. மரத்தை மூடுவதா, காட்டுவதா?

மூடும் தரப்பின் முறை இது. ஈரத்துணியால் துடைத்து நாரைச் சிலிர்க்கவிட்டு, காய்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளில் தேய்ப்பது. பிறகு சாண்டிங் சீலர் பல கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 320, 400. சாம்பல் நிற பிரைமர் அடித்து 600. நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நைட்ரோசெல்லுலோஸ் சீலரோ லாக்கரோ அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும், வெயில் நாளுக்குக் காத்திருப்பது நல்லது. எந்தப் பூச்சாக இருந்தாலும் குடைந்த உட்புறத்தையும் மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மரம் ஈரத்தை மறுபக்கம் வாங்கி அசையும், பளபளப்பான வண்ணத்தில் ஒட்டு மூட்டின் கோடு மயிரிழையாக வெளியே வரும்.

அதற்குமேல் வெள்ளி நிறம். அந்தக் காலத்து விமானங்கள் பெரும்பாலும் வண்ணமடிக்காத அலுமினியம். வெயிலைத் தள்ளிவிட மேல்பகுதிக்கு மட்டும் வெள்ளை. அலுமினிய வண்ணத்தைப் பளபளப்பான கறுப்பின் மீது அடித்தால் உலோகமாகத் தெரியும், சாம்பல் மீது அடித்தால் தண்ணீர்த் தொட்டியாகத் தெரியும். மெல்லிய உலோகத் தாளை ஒட்டுவது இன்னும் நிஜம். குழாய் விமானத்தில் அது படியும். கான்ஸ்டலேஷனில் இரு திசையும் வளைவதால் சுருங்கும், சின்னச் சின்னத் தகடுகளாக வெட்டித்தான் ஒட்ட வேண்டும். நிஜ விமானத்தைக் கட்டியவர்களும் அதைத்தானே செய்தார்கள்.

வண்ணம் பிழையை மறைக்கும், வெறும் மரம் பிழையைக் காட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உன்னிப்பாகப் பார்த்தால் கணக்கு வேறு. பளபளப்பான பரப்பில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு உடைந்து நெளிந்தால் மேடுபள்ளம் காட்டிக்கொடுக்கப்படும், ஆனால் இடமும் வலமும் ஒன்றாக இல்லை என்பது வெள்ளைக் கூரைக்கும் சிவப்புக் கோட்டுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். எண்ணெயோ பிரெஞ்ச் பாலிஷோ போட்ட மரத்தில் சிறு மேடுபள்ளம் ரேகைகளுக்கு நடுவே தெரியாமல் போகும், ஆனால் ரேகைகள் மலை வரைபடத்தின் உயரக்கோடுகள்போல ஓடுவதால் ஒரு பக்கம் கொழுத்திருந்தால் கோடுகள் இரு பக்கமும் வேறு வேறாக விரியும். கிடைமட்டமாகப் பலகைகளை அடுக்கி, நடுவே மெல்லிய கறுப்பு மரச் சிம்புகளை வைத்து ஒட்டிச் செதுக்கினால் இந்தக் கோடுகள் இன்னும் கறாராகும். ஆகவே எதைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று பார்த்து முடிவெடுக்கலாம். அளவு அட்டைகளோடு பொறுமையாக உட்கார்ந்தவர் மரத்தைக் காட்டட்டும். பரப்பை மழமழவென்று கொண்டுவந்தவர் வண்ணமடிக்கட்டும். இரண்டும் வந்தவருக்கு என் சிபாரிசு வெறும் மரம்.

வண்ணமடிப்பவர் ஒரு குறிப்பிட்ட விமானத்தையும் ஒரு காலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் மலபார் பிரின்சஸ். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பி ஏர் இந்தியாவின் வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கிவைத்த எல்-749 வகை விமானம், பதிவெண் வி.டி.-சி.க்யூ.பி. 1950 நவம்பர் 3 அன்று மான்ட் பிளாங்க் மலையில் மோதி 48 பேரோடு அழிந்தது. இரண்டரை ஆண்டுகூடப் பறக்காத விமானத்துக்கு அழுக்கும் மங்கலும் அதிகம் பூசுவது பொருந்தாது. எஞ்சின் புகைபோக்கிகளின் பின்னால் இறக்கையில் படியும் கருமை போதும். 1955 ஏப்ரல் 11 அன்று பாண்டுங் மாநாட்டுக்குப் போகும் வழியில் வெடிவைத்து வீழ்த்தப்பட்ட காஷ்மீர் பிரின்சஸும் இதே குடும்பம்தான், எல்-749ஏ. செதுக்கிய உடல் ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும்.

ஜன்னல்களைத் துளைக்க வேண்டுமா என்பது சிறிய கேள்வி. 1:72 மரத்தில் துளைத்த வரிசை நேராக வருவது அபூர்வம், ஒட்டும் டெகால் போதும். வெறும் மரத்தில் கருங்காலித் துணுக்குகளைப் பதிப்பவர்கள் இருக்கிறார்கள், பொறுமைக்கு வணக்கம்.

சக்கரங்களை மடக்கி வளைந்த தண்டின் மேல் பறக்கவிடுவது மேசை மாதிரிகளின் வழக்கம். விமான நிறுவன அலுவலகங்கள் அப்படித்தான் காட்டின, வேலையும் குறைவு. கான்ஸ்டலேஷனுக்கு மட்டும் அதை நான் ஒப்பமாட்டேன். பித்தளைக் கம்பியில் அந்த நீண்ட முன்காலைச் செய்து, ரப்பர் டயர்களில் நிறுத்தி, புரொப்பல்லரின் ஒரு அலகைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால், அலகின் நுனிக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணில் படும். மூக்கு ஏன் தாழ்ந்தது, முதுகு ஏன் வளைந்தது என்பதற்கு அந்த இடைவெளிதான் காரணம். சக்கரத்தை மடக்கிவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.